எங்கள் வீட்டு உடைச் சட்டம் பற்றி நீலாவுக்கு

தென்காசி,
7-7-1984

சௌபாக்கியவதி நீலாவுக்கு அண்ணன் வல்லிநாயகம் ஆசீர்வதித்து எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே நானும், உன் மதினி குழல்வாய்மொழியும், பிள்ளைகள் வேதாவும் குற்றாலிங்கமும் நலம். துணிமணிகள் மட்டும் நலமில்லை, அதற்குக் கீழே வருகிறேன். பம்பாயில் மாப்பிள்ளை, உன் பிள்ளை கணபதி, உன் நலம் எல்லாவற்றுக்கும் உடனே பதில் போடவும்.

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. "அண்ணே, சீசனுக்கு வாறோம். ஆனா குத்தாலத்துல லாட்ஜ் எடுத்துத் தங்கிக்கிடுதோம். உங்க வீட்டுல பனியனோட உக்காரப்புடாது, துண்டோட நடக்கப்புடாதுன்னு போன தடவ நீங்க போட்ட போட்டுல கணபதி இப்பவே வர மாட்டேங்கான்" என்று எழுதியிருக்கிறாய். அம்மா போனபிறகு உனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது இது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு, அடுத்த ஊரில் வாடகைக் கட்டிலில் நீ படுத்தால் நான் பஜாரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? "தங்கச்சி வந்திருக்காளாமே, வீட்டுல எடமில்லையோ?" என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்று இருக்க எனக்கு மனம் வராது.

உனக்குச் சட்டத்தின் நியாயம் சரியாகப் புரியவில்லை, அதுதான் கோளாறு. சீசன் வந்துவிட்டால் தென்காசிக்காரன் வீடு சத்திரம். அருவிக்குப் போகிறவன், குளித்துவிட்டு வருகிறவன், செங்கோட்டை ரயிலைத் தவற விட்டவன், யார் எப்போது கதவைத் தட்டுவான் என்று சொல்ல முடியாது. ஆகையால் வெளியே போட்ட துணி வாசலோடு சரி. உள்ளே வந்ததும் மாற்ற வேண்டும். வேதாவுக்குப் பாவாடை சட்டை. குற்றாலிங்கத்துக்கு முழங்கால் வரை டவுசர், பொத்தான் எல்லாம் போட்ட சட்டை. துண்டோடு வளைய வருவது யாருக்கும் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான். எந்த நேரத்தில் எவன் வந்து எட்டிப் பார்த்தாலும் இந்த வீட்டில் ஒருவரும் வெட்கப்பட்டு உள்ளே ஓட வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியானது என்பதற்கு இன்று நடந்ததே சாட்சி.

இந்த வருஷம் சாரல் பிரமாதம். வெயில் முகத்தைப் பார்த்து ஒரு வாரம் ஆகிறது. வீட்டுக்குள் பட்டாசாலை முழுக்கக் கொடி கட்டி, குனிந்துதான் நடமாடுகிறோம், குனிந்தாலும் ஏதாவது ஒரு ஈரப் பாவாடை முகத்தில் அறைகிறது. உன் மதினி பொறுமைசாலி என்று ஊரெல்லாம் பேர், அவளே காலையில், "வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணுன்னு ஆளுக்கு ரெட்டத் துணி. தொவைக்கது நானு. ஒண்ணாவது காயுதா? ஒங்க சட்டத்தத் தூக்கிக் கொடியில போடுங்க, அதாவது காயட்டும்" என்று சொல்லிவிட்டாள். நிர்வாகம் என்றால் இப்படி நாலு குரல் எழத்தான் செய்யும். நான் அசரவில்லை. பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவியிடம் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைக் கேட்டு வாங்கினேன். "அண்ணாச்சி, நீங்க சைவமுல்லா, ஒங்களுக்கு எதுக்குப் பஞ்சாரம்?" என்று அந்தம்மா திகைத்துப்போனது. நன்றாகக் கழுவி, குமுட்டி அடுப்பில் கரி போட்டு, அதன்மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் வீட்டிலுள்ள துணிகளை அடுக்கடுக்காக விரித்தேன். ஆவி பறந்தது. பார்க்கக் கண் குளிர்ந்தது. நம் ஊரில் இதுவரை எவனுக்கும் தோன்றாத யோசனை என்று பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தலையங்கம் பாதியில் இருக்கும்போது கருகல் வாடை. பஞ்சாரம் மூங்கில் என்பதையும், மூங்கில் எரியும் என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை. இவ்வளவு சீக்கிரம் எரியும் என்றுதான் யோசிக்கவில்லை. என் வேட்டியில் வட்டமாக ஓட்டை, வேதாவின் பாவாடைக்குக் கரை இல்லை, மற்றதெல்லாம் புகைக் கறுப்பு. பதறாமல் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றி அணைத்தேன். அதில் பாதி என்மேலேயே விழுந்தது. தீ அணைந்தது. அதோடு வீட்டில் காய்ந்த துணி என்ற பேச்சும் அணைந்தது.

மிஞ்சியது டிரங்குப் பெட்டி. போன தடவை நீ கொண்டுவந்து கொடுத்த பம்பாய் உடைகளையெல்லாம் பாச்சா உருண்டை போட்டு அதில்தான் பூட்டி வைத்திருந்தேன். இக்கட்டான நிலைமையை உத்தேசித்துத் திறக்க அனுமதித்தேன். குற்றாலிங்கம், படம் போட்ட பனியனும் நிக்கருமாக ஓடினான். வேதா கையில்லாத கவுனில் கண்ணாடி முன்னால் நின்றாள். நான் துண்டைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்போது உன் மருமகன் குற்றாலிங்கம் கேட்கிறான், "எப்பா, துண்டோட வளைய வரப்புடாதுன்னு சட்டமுல்லா?" பெற்ற பிள்ளை கேட்கிறான். சட்டம் எனக்கும் உண்டு. வேதா பெட்டிக்குள் கையை விட்டு, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும்படியான கௌரவமான ஒரு உடையை எடுத்து வந்து கொடுத்தாள். உடுத்திக்கொண்டேன். எந்த உடை என்பது இங்கே முக்கியமில்லை. சட்டம் ஓர் இம்மிகூட மீறப்படவில்லை என்பதைக் கவனி.

உடுத்தி முடிக்கவும் கதவைத் தட்டவும் சரியாக இருந்தது. வந்தவர் யார் தெரியுமா? வீரகேரளம்புதூரிலிருந்து உன் மாமனார் ஞானசம்பந்தம் மாமா. அருவியில் குளிக்கக் கிளம்பியவர், வழியிலேயே சாரலில் தொப்பலாக நனைந்து வந்து நிற்கிறார். நான் ஓடி ஒளிந்தேனா? இல்லை. கைகூப்பி, "வாங்க மாமா" என்றேன். மாமா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மறுபடி காலிலிருந்து தலைவரை பார்த்தார். பிறகு, "ஏன் தம்பி, உள்ள காத்தோட்டமா இருக்குமோ?" என்றார். "நல்லா இருக்கு மாமா" என்றேன். அதைப்பற்றி அவ்வளவுதான் பேச்சு. லாட்ஜ் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் பிடிக்கவில்லை. இப்போது எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்.

ஆகவே, சட்டம் நெருப்பிலும் நீரிலும் சோதிக்கப்பட்டுத் தேறிவிட்டது. கணபதிக்கு எடுத்துச் சொல்லி, பொத்தான் உள்ள சட்டைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு நேரே இங்கே வரவும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைக்கு ஆசி. நீ தீர்க்காயுசாக, நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வல்லிநாயகம்

பி.கு: உண்மையை எழுதாவிட்டால் கவரை ஒட்ட விட மாட்டேன் என்று வேதா பக்கத்திலேயே நிற்கிறாள். நான் உடுத்தியது நீ மதினிக்குக் கொடுத்த நைட்டி, மஞ்சள் பூப் போட்டது. மாமாவுக்கும் மாற்றுத்துணி வேண்டியிருந்ததால் இன்னொன்றில், அதாவது கிளி போட்டதில், அவர் இருக்கிறார். காலை மடக்கி உட்கார வேட்டியைவிடச் சௌகரியம் என்கிறார். சட்டத்தை இன்று முதல் எடுத்துவிட்டேன். கணபதி எதை வேண்டுமானாலும் உடுத்தட்டும், உடுத்தாமலும் இருக்கட்டும். லாட்ஜுக்கு மட்டும் போயிராதட்டி, என்னால தாங்க முடியாது. வரும்போது இதே மாதிரி இரண்டு வாங்கி வா, ஒன்று மாமாவுக்கு. பூ இல்லாததாகக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பரவாயில்லை.