ஆஸ்டின் விளக்குக்கு வெள்ளி முலாம் பூசிய விவரம்

அருகன் துணை

திருப்பருத்திக்குன்றம்,
காஞ்சிபுரம்.
ஐப்பசி, 1966.

அன்பும் மரியாதையும் கொண்ட மாப்பிள்ளை அப்பாண்டைராஜன் அவர்களுக்கு, மாமனார் சந்திரநாதன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் மாமியாரும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் என் நிலைமையைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே உங்கள் நலமும் விஜயாவின் நலமும் அறிய ஆவல். அவளை மாடிப்படி ஏறவிட வேண்டாம் என்று மாமியார் எழுதச் சொன்னாள்.

கல்யாணமான நாளாக நீங்கள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டது, உங்கள் தகப்பனார் ஆசையாக ஓட்டி, இப்போது எங்கள் கொட்டகையில் நிற்கும் ஆஸ்டின் காரின் முன்விளக்குகளைச் சரிசெய்து வைக்கும்படி. விஜயா தலைப்பிரசவத்துக்கு இங்கே வரும்போது வண்டி தயாராக இருக்க வேண்டும், ஓட்டுவதற்குப் பக்கத்துத் தெரு சிட்டிபாபு இருக்கிறார், விளக்குதான் மங்கல் என்று எழுதியிருந்தீர்கள். மங்கல் என்பது மரியாதையான சொல். சிட்டிபாபு போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, லைட்டு எரியுதான்னு பாக்கறதுக்கே இன்னொரு லைட்டு வேணும் போல கீதே" என்றார்.

ஆகவே நானே இறங்கினேன். கண்ணாடியைக் கழற்றி, எந்தத் திருகு எந்தத் துளைக்குரியது என்று தாளில் படம் போட்டுக்கொண்டு, பல்புக்குப் பின்னால் இருக்கும் கிண்ணத்தை வெளியே எடுத்தேன். பித்தளைக் கிண்ணம், உட்புறம் வெள்ளி முலாம். அந்த முலாம் தோசைக்கல் மாதிரி கறுத்துப் போயிருந்தது. குழியாடியின் குவியம் எங்கே விழும் என்று ஓய்வுபெறும்வரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், ஆனால் குழியாடி கறுத்துப்போனால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்து எதிர்வீட்டு நெசவாளி பரமசிவம், "வெள்ளிதானே சார்? துண்ணூறு போட்டுத் தேயுங்க. எங்க வூட்டு வெள்ளிச் சாமான் எல்லாம் அதுலதான் பளபளன்னு கீது" என்றார். ஜைனர் வீட்டில் திருநீறு ஏது? அவரே ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதும் நான் அவசரப்படவில்லை. முதலில் பூஜைக் கிண்ணத்தில் சோதித்தேன், பளிச்சென்றது. பிறகு விளக்குக் கிண்ணத்தைத் தேய்த்தேன், கறுப்பு போயிற்று. அந்த மகிழ்ச்சியில் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன், வெள்ளியும் போயிற்று. உங்கள் தகப்பனார் காலத்து முலாம் எவ்வளவு மெல்லியது என்பதை, அது முழுவதும் என் துணியில் ஏறிய பிறகுதான் அறிந்தேன். ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே என்று மற்றதையும் தேய்த்தேன்.

கோயில் வாகனங்களுக்கு வெள்ளி முலாம் பூசும் வீரபாகுவிடம் ஓடினேன். அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்த சாமிக்கு சார்?" என்றார். காருக்கு என்றேன். "உள்ள பூசணும்ன்றீங்க, வெளிய வேணாம்ன்றீங்க. அப்ப என் வேலைய யார்தான் பாப்பாங்க?" என்று முகம் வாடினார். ஆனாலும் யானை வாகனத்துக்குப் பூசுவதுபோல் கனமாகவே பூசிக் கொடுத்தார். அந்தக் கிண்ணத்துக்குள் என் முகத்தைப் பார்த்தேன். தலைகீழாகத் தெரிந்தது. நடக்கப்போவது அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அன்று மழை விட்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் எல்லாவற்றையும் பூட்டி, சிட்டிபாபுவை விளக்கைப் போடச் சொன்னேன். வெளிச்சம் தெருவைத் தாண்டி, பரமசிவத்தின் ஜன்னலுக்குள் புகுந்து, தறிமேல் விழுந்தது. "சார்! அறுந்த இழைகூட தெரியுது சார்! அணைச்சிடாதீங்க!" என்று உள்ளேயிருந்து கூவினார். தெருவே வந்து நின்று பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை மாப்பிள்ளை. இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும் என்றேன். அதற்குள் ஈசல் வந்துவிட்டது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கண்ணாடியே தெரியாத அளவுக்கு. மோதி மோதிச் சிறகு உதிர்ந்து விழுந்தன. அணைக்கச் சொல்ல வாயெடுத்தேன், இத்தனை பேர் ரசித்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு நின்றேன். நான் கூச்சப்பட்ட நேரத்தில் செத்தவை எத்தனையோ. மங்கலாக இருந்தவரை அந்த விளக்கு ஓர் உயிரையும் கொன்றதில்லை.

அதோடு முடியவில்லை. பின்தெரு பொன்னியம்மாள் முறத்தோடு வந்து, கூட்டி அள்ளிக்கொண்டு, "ஐயா, இத்த வறுத்து அரிசியோட கலந்தா இன்னா ருசி தெரியுமா? நாளைக்கு எத்தினி மணிக்கு லைட்டு போடுவ?" என்று கேட்டாள். மறுநாள் மாலை முறங்களோடு ஒரு கூட்டமே வாசலில் நின்றது. விளக்கு ரிப்பேர் என்று பொய் சொன்னேன். அந்தப் பாவம் தனி. அப்போது பொன்னியம்மாள் வறுத்ததை ஒரு தூக்கில் கொண்டுவந்து, "உன் லைட்டுக்கு வந்தது. நீ துன்னாம நாங்க மட்டும் துன்னா நல்லாவா கீது?" என்று நீட்டினாள். மண்ணுக்கடியில் விளைவது என்று உருளைக்கிழங்கைக்கூட உள்ளே விடாத வீடு இது. வாங்கவும் முடியாமல், மறுக்கவும் தைரியமில்லாமல், பொழுது சாய்ந்த பிறகு நாங்கள் எதுவும் சாப்பிடமாட்டோம் அம்மா என்றேன். "அத்தினிதானே, காலைல துன்னு" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒருவேளைச் சாப்பாட்டோடு இருக்கிறேன். கோயிலில் பகவான் முன் நிற்கக் கூசுகிறது. கறுப்புத் துணியில் உறை தைத்து, விளக்குகள் இரண்டையும் மூடிவிட்டேன். நீங்கள் கேட்ட ஒரே காரியத்தையும் செய்து, செய்ததை நானே மூடிவைக்க நேர்ந்துவிட்டது. மன்னிக்க வேண்டும். விஜயாவைப் பகலிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடலாம், வெளிச்சம் தேவைப்படாது என்று தீர்மானித்திருக்கிறேன். இனி அந்த விளக்கு இந்த வீட்டில் எரியாது. இது உறுதி.

உங்கள் இருவருக்கும், வரப்போகும் சிற்றுயிருக்கும் அருகன் அருளால் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

தங்கள் மாமனார்,
சந்திரநாதன்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது உங்கள் மாமியார் மதனவதி வாங்கிப் படித்தாள். கடைசிவரை படித்துவிட்டு, "பகல்லதான் பொறப்பேன்னு கொழந்த உங்களுக்குத் தந்தி குடுத்துக்குதா?" என்று கேட்டாள். இங்கிருந்து ஆற்றைத் தாண்டி ஆஸ்பத்திரி வரை வழியில் ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. உறைகளைக் கழற்றிவிட்டேன். விஜயாவுக்கு எந்த நேரத்தில் வலி எடுத்தாலும் விளக்கு எரியும். ஈசல்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், அவை என்ன நினைக்கின்றனவோ தெரியாது. ஆகவே மேலே கண்டதில் ஆசீர்வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும்.