அவசரச் சேலையும் ஆயுத பூஜைப் பொரியும்

யாரும் கேட்காத உதவியைச் செய்யக் கிளம்புகிறவர்களை நம்பவே கூடாது. நான் அப்படிக் கிளம்பியவள். தையல் டிப்ளமா வாங்கிய கையோடு, வேலைக்குப் போகும் பெண்களை முந்தானையிலிருந்து விடுவித்தே தீருவது என்று கிளம்பியவள்.

அறுபதுகளின் தொடக்கம். சிங்காநல்லூரில் குடியிருந்தோம். அப்பா பக்கத்து நூல் மில்லில் ஃபிட்டர். அங்கே வேலை செய்த பெண்கள் விடியற்காலையில் சமைத்து, பிள்ளைகளை எழுப்பி, சேலையைச் செருகிக்கொண்டே மில் சங்குக்கு ஓடுவார்கள். அதைப் பார்த்து எனக்கு ஞானம் பிறந்தது. (அந்த வயதில் ஞானம் தினம் ஒன்று பிறக்கும்.) அதற்கு அவசரச் சேலை என்று பெயர் வைத்தேன்.

கொசுவத்தை மடித்துத் தைத்து, பாவாடையையும் அதோடு சேர்த்துவிட்டேன். இடுப்பில் இரண்டு கொக்கி. மாட்டினால் தீர்ந்தது. முந்தானை மெஷினில் சிக்குமே என்று அதைக் குட்டையாக வெட்டி, ஜாக்கெட்டின் தோளோடு தைத்தேன். வெளிப்பக்கம் அழுக்குத் தெரியாத காப்பிக் கலர் கட்டம், வேலைக்கு. திருப்பிப் போட்டால் சிவப்புக் கரை, கல்யாணத்துக்கு. நல்ல பருத்தி, பத்து வருஷம் உழைக்கும் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

வீட்டிலோ மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த குடும்பம். எனக்குத் தையல் கடை வைக்க வேண்டும். சாப்பிடாமல் படுத்து அடம்பிடித்ததில் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

"முதலாளியம்மாகிட்டக் காட்டு கண்ணு. மில்லுப் பொம்பளைங்களுக்குத் தைச்சுக் குடுன்னு அவங்க சொல்லிப்போட்டா நீ கடை வெச்சுக்க. இல்லீன்னா காங்கேயத்துக்காரங்களோட நான் வெத்தலபாக்கு மாத்திப்போடுவேன்."

ஆயுத பூஜையன்று காட்டுவதாக முடிவாயிற்று. சேலை மொடமொடவென்று நிற்க வேண்டுமே என்று முந்தின நாள் துவைத்துக் கஞ்சி போட்டேன். புதுத்துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கும் என்பது தையல் படிப்பின் முதல் பாடம். (நான் அதில் முதல் வகுப்பு.) காலையில் கொக்கியை மாட்ட மூச்சை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. இழுத்ததை அப்புறம் வெளியே விடவில்லை.

மில்லில் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். முதலாளியம்மா பொரியும் கடலையும் தேங்காயும் கொடுக்க, பெண்கள் வரிசையாக முந்தானையை ஏந்தி வாங்கிப் போனார்கள். சாமிக்குப் படைத்ததை எங்கள் பக்கத்துப் பெண்கள் முந்தானையில்தான் வாங்குவார்கள். நானே வருஷா வருஷம் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். கத்தரிக்கோல் கையில் இருந்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை.

என் முறை வந்தது. முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுதான் அந்தச் சேலையா அம்மணி? நல்லாத்தான் இருக்குது."

அந்த நொடியிலேயே மனசுக்குள் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டேன். அவர் தட்டு நிறையப் பொரியும் மேலே ஒரு தேங்காயுமாக நீட்டினார். பழக்கதோஷம், கை தானாக முந்தானையை இழுத்தது. அது வரவில்லை. பலமாக இழுத்தேன். இரண்டு கொக்கியும் தெறித்து விழுந்தன. சேலையும் பாவாடையும் ஒன்றே என்று பெருமைப்பட்டேனே, இரண்டும் ஒன்றாகவே இறங்கப் பார்த்தன. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாங்கிக்க அம்மணி."

"முடியாதுங்க."

"ஏன் கண்ணு?"

"கை ரெண்டும் வேலையா இருக்குதுங்க."

ஆயுத பூஜையன்று எந்த மெஷினும் ஓடாது. அன்றைக்கு அந்த மில்லில் வேலை செய்தது என் கைகள் மட்டும்தான். விஷயம் புரிந்து முதலாளியம்மா சிரித்த சிரிப்பில் தட்டு சரிந்து, பொரி, குனிந்திருந்த என் தலையில் கொட்டியது. தேங்காய் உருண்டு மெஷினுக்கடியில் போயிற்று. அப்பா ஓடிப்போய், பஞ்சுப் பொதி சுற்றி வரும் சணல் படுதாவைக் கொண்டுவந்து என்மேல் சுற்றினார். பருத்தியால் பெண்குலத்தை உய்விக்கப் போனவள், படுதாவில் அச்சடித்திருந்த பஞ்சின் எடை முதுகில் கறுப்பு மையில் தெரிய, சணலில் வீடு வந்து சேர்ந்தேன்.

வாசலில் அப்பா மெதுவாகக் கேட்டார். "வெத்தலபாக்கு மாத்திக்கலாமா கண்ணு?"

தலையாட்டிவிட்டு உள்ளே போய் அழுதேன். மானம் போனதற்கு இல்லை, கடை போனதற்கு.

தை மாதம் கல்யாணம் நடந்தது. முதலாளியம்மா ஒரு சேலை கொடுத்தனுப்பியிருந்தார், முழ நீளத்துக்கு மேல் ஜரிகை போட்ட முந்தானையோடு. கதை மட்டும் எனக்கு முன்னாலேயே காங்கேயம் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்றைக்கும் ஆயுத பூஜை வந்தால் என் வீட்டுக்காரர் பொரித் தட்டோடு சமையற்கட்டு வாசலில் வந்து நிற்பார். "ஏனுங்க அம்மணி, கை சும்மா இருக்குதுங்களா?" என்பார். பின்னாலேயே மகன், மருமகன், பேரன்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஒரு கையில் சுண்டல் கரண்டியும் மறு கையில் வடைமாவுமாக. இத்தனை வருஷத்தில் ஒரு ஆயுத பூஜைக்கும் என் கை சும்மா இருந்ததில்லை. வாசலில் நின்று சிரிக்கிறார்களே, அவர்கள் கைதான் சும்மா இருக்கிறது.