பள்ளிபாளையம் தோத்துப்போச்சு

பள்ளிபாளையம் தோற்றுவிட்டது. நாமக்கல் மைதானத்தில் அரையிறுதி முடிந்ததும் நேராக மிட்டாய்க் கடைக்குப் போய் அரைக் கிலோ லட்டு வாங்கியவன் நான்தான்.

பள்ளிபாளையம் என் மாமனார் ஊர். அந்த ஹாக்கி அணிக்கு மேனேஜர் என் மனைவியின் தம்பி ஜெயபிரகாஷ். அதற்காகச் சந்தோஷப்படாமல் இருக்க முடியுமா? வருடா வருடம் எங்கள் திருச்செங்கோடு அணியை ஓட ஓட அடித்தவர்கள். இந்த முறை நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போயாகிவிட்டது. ஞாயிறு காலை. எதிரே, பள்ளிபாளையத்தை வென்ற ராசிபுரம். ராசிபுரத்தை எங்கள் பையன்கள் ஊதித் தள்ளிவிடுவார்கள். பள்ளிபாளையம் என்றால்தான் எனக்குப் பயம்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க என்று முன்கூட்டியே புதுப் பனியன் வாங்கி, தலைக்கு டை அடித்து, முன்முடியைத் தூக்கிச் சீவி, பத்து வயது குறைந்து நின்றேன்.

லட்டை வண்டிப் பெட்டியில் ஒளித்துவிட்டு, துக்கம் விசாரிக்கப் போகிற முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். வசந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். தம்பிக்காக வேண்டியிருக்கிறாள், பாவம். சாமியும் கைவிட்டுவிட்டது.

"ஏனுங்க, தம்பி தோத்துப்போட்டானாமா?"

"ஆமா வசந்தா. எனக்கு மனசே ஆறல."

"மீசையில என்னங்க மஞ்சளா?"

"மைதானத்துப் புழுதி."

"நாமக்கல் புழுதி நெய் வாசம் அடிக்குதுங்களே."

நல்ல வேளை, அப்போது ஜெயபிரகாஷ் செல்போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

"மச்சான், நீங்களே பாருங்க. கடைசி நிமிஷத்துல நாங்க போட்ட கோலு. 'டி'க் கோட்டுக்கு வெளிய நின்னு அடிச்சதுன்னு அம்பயர் செல்லாதுன்னுட்டான். பையன் உள்ளதான நிக்கறான்?"

பார்த்தேன். கோட்டுக்கு ஒரு முழம் உள்ளேதான் நின்றான். மைதானத்திலேயே என் கண்ணால் பார்த்தேன். அம்பயரின் பார்வை நீடூழி வாழ்க.

"வெளிய மாதிரிதான் தெரியுது மாப்ளே."

"என்ன மச்சான் இப்படிச் சொல்றீங்க? பொழுது விழுகறதுக்குள்ள புகார் குடுத்தா, நாளைக்கே மறு ஆட்டம் வெப்பாங்க. ஜெயிச்சா ஞாயித்துக்கெழம உங்களோடதான் ஃபைனல்."

மீசையில் ஒட்டியிருந்த லட்டுத் தூளை அவசரமாகத் துடைத்துக்கொண்டேன்.

"குடு சாமி," என்றாள் வசந்தாமணி, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. "உடாத. உங்க மச்சான் கெடக்கறாரு."

இதற்கு மேல் பொறுக்க முடியுமா? எழுந்து நின்றேன். நான் அப்படிப் பேசி எனக்கே நினைவில்லை. அம்பயர் என்பவர் யார்? அப்பன் ஆத்தாளுக்குச் சமம். அவர் தப்பே சொன்னாலும் தலை வணங்குபவன்தான் வீரன். புகார் கொடுத்து ஜெயித்தால் நாளைக்குப் பள்ளிபாளையத்தை எவன் மதிப்பான்?

"அம்பயர் சொன்னாச் சொன்னதுதான் மாப்ளே. அந்த வீடியோ இருக்கற வரைக்கும் உனக்குத் தூக்கம் வராது. அழிச்சுப்போடு."

ஜெயபிரகாஷ் அக்காவைப் பார்த்தான். அவள் பெருமூச்சு விட்டாள்.

"உங்க மச்சான் சொல்றதும் ஞாயந்தான் கண்ணு. அழிச்சுரு."

அழித்தான். எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

"அப்ப ஞாயித்துக்கெழம நீ சும்மாதான இருப்பே?" என்று கேட்டாள்.

"சும்மாதாங்க்கா."

"நல்லதாப் போச்சு. ஏனுங்க, ஞாயித்துக்கெழம காலைல குலசாமி கோயில்ல நம்ம பாப்பாவுக்கு முடியெடுத்துக் காது குத்தீரலாங்க."

மேளம் நின்றது.

"ஞாயித்துக்கெழமையா? ஃபைனல் வசந்தா!"

"தாய்மாமன் மடியில உக்கார வெக்காமக் காது குத்த முடியுங்களா? இவனுக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஆட்டம். இப்பத்தான் ஓய்வாச் சிக்கியிருக்கறான்."

"அடுத்த மாசம் வெச்சுக்கலாம்."

"அடுத்த மாசம் பாப்பாவுக்கு வயசு ரெட்டப்படை ஆயிருமுங்க. ஆகாது. இந்த மாசத்துல இதுதான் கடைசி முகூர்த்தம்."

"அப்ப நான் மட்டும் மைதானத்துக்குப் போயிட்டு..."

"அப்பன் இல்லாமக் காதுகுத்தா? சபையில எம்மொகத்த எங்கீங்க வெக்கறது?"

நான் சட்டென்று ஜெயபிரகாஷ் பக்கம் திரும்பினேன்.

"மாப்ளே, அந்த வீடியோவ இன்னொருக்காக் காட்டு. யோசிச்சுப் பாத்தா உள்ள நின்ன மாதிரிதான் இருக்குது. அநியாயம். விடக்கூடாது. புகார் குடுத்தே ஆகோணும்."

"நீங்கதான அழிக்கச் சொன்னீங்க மச்சான்? உங்க பேச்சக் கேட்டு எம்மனசே தெளிஞ்சுருச்சு. அம்பயர் சொன்னாச் சொன்னதுதான்."

தோற்ற வீட்டில் முதல்முறையாக இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காளும் தம்பியும்.

"வண்டிப் பெட்டியில இருக்கற லட்ட எடுத்துட்டு வாங்க," என்றாள் வசந்தாமணி. "நல்ல காரியம் பேசி முடிச்சிருக்கறோம். தம்பி வாய் இனிக்கட்டும்."

லட்டைக் கொண்டுவந்து வைத்தேன். அவள் சாமி படத்துக்கு முன்னால் இருந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இதையும் அன்னைக்கே கோயில்ல செலுத்தீரலாங்க."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இந்த ஒரு இடத்திலாவது மடக்கலாமே. "தம்பி ஜெயிக்கோணும்னுதான வேண்டுன? சாமிதான் குடுக்கலையே. அப்பறம் என்னத்துக்குச் செலுத்தறது?"

"ஜெயிக்கோணும்னு ஆரு வேண்டுனா? அவன் தோத்து ஞாயித்துக்கெழம ஊடு வந்து சேரோணும்னுதான் வேண்டுனேன்."

ஜெயபிரகாஷின் வாயில் இருந்த லட்டு அப்படியே நின்றது. நான் மெதுவாகக் கேட்டேன்.

"என்ன செலுத்தறதா வேண்டிக்கிட்ட?"

வசந்தாமணி என் புது முன்முடியைப் பிரியமாக ஒரு தரம் பார்த்தாள்.

"உங்க மொட்டையத்தானுங்க."