நண்டுக் கொடுக்கும் சித்தப்பாவின் வால்வும்

பரீட்சைக்குப் பாதிப் பாடம் படித்துவிட்டுப் போனால் பாதி மார்க்காவது வரும். பாதிப் பாடத்தை மைக்கில் சொன்னால் என்ன வரும் என்பதை நான் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது மரக்காணத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் பயோகெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷம். வீட்டில் யார் தும்மினாலும் அதற்குக் காரணமான மூலக்கூறின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டேன். (அம்மா தும்மலை அடக்கப் பழகிவிட்டாள்.)

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிந்ததும் யூத் குரூப்பிலிருந்து யாராவது ஐந்து நிமிஷம் உடல்நலம் பற்றிப் பேசலாமே என்றார் ஃபாதர். மற்றவர்கள் செருப்பைத் தேடுவதற்குள் நான் மைக்கைப் பிடித்துவிட்டேன். எங்கள் பக்கம் பல வீடுகளில் ஈஸ்டர் வரும்வரை அந்த நாற்பது நாளும் கறி, மீன் கிடையாது. கீரைதான். நான் அந்த வாரம்தான் வைட்டமின் கே படித்திருந்தேன். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

"காயம் பட்டா ரத்தம் நிக்கணும். அதுக்கு நம்ம ஈரல் சில புரதங்களைச் செய்யுது. ஆனா செஞ்ச உடனே அதுங்க வேலைக்கு ஆகாது. ஏன்னா அதுல இருக்கிற குளூட்டமிக் அமிலத்துக்கு ஒத்தைக் கொடுக்குதான். ஒத்தைக் கொடுக்கு நண்டு எதையாவது கெட்டியாப் பிடிக்குமா?"

"எங்க பிடிக்கும்? ஏலத்துலயே எவனும் எடுக்க மாட்டான்" என்றது ஆண்கள் பக்கம் ஒரு குரல்.

எனக்கு வேகம் பிடித்துவிட்டது. "அங்கதான் கீரை வருது! கீரையில இருக்கிற வைட்டமின் கே, ஒரு என்சைமுக்கு ஒத்தாசை பண்ணும். அந்த என்சைம் அந்த அமிலத்துல இன்னொரு கொடுக்கை ஒட்ட வெச்சிடும். இப்ப ரெண்டு கொடுக்கு. ரெண்டும் சேர்ந்து கால்சியத்தைக் கவ்வும். அப்பதான் ரத்தம் உறையும். அதனால எல்லாரும் தினம் கீரை சாப்பிடுங்க!"

கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் எல்லோரையும்விட பலமாகத் தட்டியவர் என் சித்தப்பா.

சித்தப்பா உப்பளத்தில் மேஸ்திரி. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். "மோட்டாருக்கு ஃபுட் வால்வு மாத்துற மாதிரிதாங்க" என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வார். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை. இது எனக்கு நன்றாகத் தெரியும். பல மாதம் அந்த மாத்திரையை மெடிக்கலில் வாங்கி வந்து கொடுத்ததே நான்தான். இரத்தம் உறையக் கீரை, உறையாமலிருக்க மாத்திரை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கைதட்டல் அதிகமாக இருந்தது.

மறுநாளே சித்தப்பா வீட்டு முருங்கை மொட்டையாக ஆரம்பித்தது.

"கீரையை அளவா வெச்சிக்கங்கன்னு டாக்டர் சொன்னாரே?" என்று சித்தி கேட்டிருக்கிறாள்.

"டாக்டர் ரெண்டு நிமிஷம் சொன்னாரு. நம்ம பொண்ணு அஞ்சு நிமிஷம் சொல்லியிருக்குது" என்றாராம் சித்தப்பா.

மூன்றாவது வாரம் எனக்கு டெஸ்ட். காலை பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்து, மைக்கில் நான் சொன்னதற்கு அடுத்த பக்கத்துக்குப் போனேன். ஒரு கொடுக்கை ஒட்ட வைத்ததும் வைட்டமின் கே ஓய்ந்துவிடும். இன்னொரு என்சைம் அதை மறுபடி தயார் செய்ய வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு மருந்து, அந்த இரண்டாவது என்சைமைத்தான் பிடித்து நிறுத்துகிறது. கீரை நிறைய உள்ளே போனால் புதிதாக வைட்டமின் கே வந்து சேர்ந்து மருந்தின் வேலை கெட்டுவிடும். மருந்தின் பெயரைப் பார்த்தேன். சித்தப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த மாத்திரை அட்டையில் இருந்த அதே பெயர்.

வழியிலேயே, கீழ்புத்துப்பட்டில் இறங்கிவிட்டேன். சித்தப்பாவுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. (உப்பளத்தில் சட்டையோடு போனையும் கழற்றி ஷெட்டில் மாட்டிவிடுவார்.) எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து, வரப்பில் ஓடிப் போனபோது சித்தப்பா ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிபன் மூடி நிறைய பச்சை.

"சித்தப்பா! முழுங்காதீங்க! துப்புங்க!"

தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்த பக்கத்து அக்கா, சித்தப்பா முதுகில் ஓங்கி இரண்டு அறை விட்டாள். அதுவரை சிக்காதது அப்போது சிக்கியது. அவர் இருமி முடித்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, காலேஜ் இல்லையா?"

அன்றைக்கே புதுச்சேரி ஆஸ்பத்திரி. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் டெஸ்ட் எடுத்தார்கள். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டருக்கு முகம் மாறியது. வால்வையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அது வரும்வரை சித்தி ஜெபமாலை உருட்டினாள். நான் குளூட்டமிக் அமிலத்தை நினைத்து அழுதேன். வால்வில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை.

"இவ்வளவு கீரை யார் சாப்பிடச் சொன்னது?" என்றார் டாக்டர்.

"எங்க பொண்ணுதாங்க" என்றார் சித்தப்பா, பெருமையாக.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன படிக்கிற?"

"பயோகெமிஸ்ட்ரி... சார், இனிமே கீரையே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன் சார்."

"அதையும் நீயே சொல்லிட்டியா? திடீர்னு அடியோட நிறுத்தினா, அதே மாத்திரை அளவு மீறி வேலை செஞ்சு ரத்தம் கசியும். ஏத்தவும் கூடாது, இறக்கவும் கூடாது. எப்பவும் சாப்பிடுற அளவு. நீ கொஞ்சம் வெளிய உக்காரும்மா."

வெளியே உட்கார்ந்தேன்.

மாத்திரையின் அளவு சரியாகும்வரை வாரா வாரம் டெஸ்ட். ஒவ்வொரு தடவையும் நான்தான் கூடப் போனேன், வாயைத் திறக்காமல்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பூசை முடிந்து வெளியே வந்தபோது, சித்தப்பாவிடம் யாரோ கேட்டார்கள், தவக்காலத்துக்கு எதை விட்டிருக்கிறீர்கள் என்று. எல்லோரும் கறி, மீன், டீ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான் இவ பேச்சைக் கேக்குறதை விட்டிருக்கேன்" என்றார் என்னைக் காட்டி. பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "ஈஸ்டர் அன்னிக்கு வாம்மா, கேக்குறேன்" என்றார்.