பஞ்சுவின் ஞாயிற்றுக்கிழமைச் சர்க்குலர்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எமனே எருமையோடு மாடியேறி வந்து எழுப்பினாலும் எழுந்திருப்பதில்லை என்று பஞ்சு ஒரு சபதம் செய்தார். சபதம் செய்தபோது அவர் கையில் தகர டப்பாவுடன் கிரசின் எண்ணெய் க்யூவில் நின்றுகொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மணி மத்தியானம் மூன்று.

அது யுத்த காலம். ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து பம்பாயில் தெருவிளக்குகளுக்கு முக்காடு போட்டிருந்தார்கள். மாட்டுங்காவில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. பஞ்சுவுக்கு ஜப்பான்காரனிடம் அவ்வளவாகப் பயமில்லை. அவருக்கு இருந்த ஒரே கவலை, தம்முடைய கனவு பாதியில் நிற்கிறதே என்பதுதான்.

அந்தக் கனவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊரில் மற்றவர்கள் தினம் ஒரு கனவு காண்பார்கள். பஞ்சு ஒரே கனவைத் தொடர்கதையாகக் கண்டுவந்தார். வாரம் ஒரு தவணை, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும். கனவில் மாட்டுங்கா ஸ்டேஷன் வெறிச்சோடிக் கிடக்கும். லோக்கல் வண்டி சத்தமில்லாமல் வந்து நிற்கும். உள்ளே பெஞ்சு கிடையாது, ஒரே ஒரு இலவம்பஞ்சு மெத்தை மட்டும் விரித்திருக்கும். பஞ்சு ஏறிப் படுத்துக்கொள்வார். வண்டி தாதரில் நிற்காது, விக்டோரியா டெர்மினஸிலும் நிற்காது. நேரே கடலில் இறங்கித் தண்ணீரின் மேலேயே மிதந்து போகும். கரை கண்ணுக்கு மறைந்த இடத்தில் ஒரு பளிங்கு மேடை. மேடைமேல் ஒரு வெள்ளித் தட்டு. தட்டை மூடி ஒரு தளிர் வாழையிலை. இலைக்கு அடியிலிருந்து லேசாக ஆவி வரும். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பஞ்சு கையை நீட்டுவார்.

"ஏன்னா! எழுந்திருங்கோ! கிரசின் வந்துடுத்தாம்!"

ஒரு வாரம் கிரசின். ஒரு வாரம் தாதர் மார்க்கெட்டில் சேனைக்கிழங்கு மலிவு. ஒரு வாரம் ஜன்னல் காகிதம் கிழிந்துவிட்டது. எழுப்புகிறவள் அகிலாண்டம், அவருடைய தர்மபத்தினி. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. பஞ்சுவின் தூக்கம் பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் கலையாத தூக்கம். முகத்தில் தண்ணீர் தெளித்து, தலையணையை உருவினால்தான் ஒரு கண் திறக்கும். பதினோரு வாரமாக அந்த இலையைப் பஞ்சு தொட்டதே இல்லை. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இருந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஆறு நாளும் மாடாய் உழைக்கிற மனுஷனுக்கு இதுகூடக் கொடுத்துவைக்கவில்லையா என்று அவர் நொந்துகொண்டார்.

இதற்கிடையே அகிலாண்டம் ஒரு நாள் கேட்டாள்: "நம்ம ஷ்யாமளா ஸ்கூல்ல அம்மாக்களுக்கெல்லாம் முதலுதவி க்ளாஸ் வெக்கறாளாம். குண்டு கிண்டு விழுந்தா ஆகும்னு. ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான். நானும் போய்ட்டு வரட்டுமா?"

"நீ கட்டுப் போடக் கத்துண்டு யாருக்குடி போடப்போறே?" என்றார் பஞ்சு. "நீ போயிட்டா எனக்கு மூணு மணிக் காப்பி யார் கலப்பா?"

அகிலாண்டம் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் பஞ்சுவுக்கு முதல் அர்த்தம் மட்டும்தான் பிடிபட்டிருந்தது.

வழி பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் ஷ்யாமளா வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துச் சர்க்குலரைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாராவாரம் வரும் காகிதம்தான். வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது, காலரா ஊசி எப்போது, அபாயச் சங்கு ஊதினால் குழந்தைகள் எந்தப் படி வழியாக இறங்க வேண்டும் என்றெல்லாம் இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். கீழே ஒரு புள்ளிக்கோடு. அதற்கும் கீழே தகப்பனார் கையெழுத்துப் போட்டுக் கிழித்து அனுப்ப ஒரு துண்டுச் சீட்டு.

அகிலாண்டத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. பஞ்சுதான் வாசித்துத் தமிழில் சொல்வது வழக்கம். அன்றைக்குப் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது, அவருடைய மூளையில் பல்பு எரிந்தது. முக்காடு போடாத பல்பு.

"...குழந்தைகள் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிப் பழகணும். நகம் வெட்டணும். தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கணும். அப்புறம்..." பஞ்சு கனைத்துக்கொண்டார். "அப்புறம், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணரையிலேருந்து அஞ்சு வரைக்கும் தகப்பனாரை எழுப்பப்படாது."

"என்னது?"

"எழுப்பப்படாது. சர்க்குலர்ல போட்டிருக்கு."

"ஸ்கூலுக்கும் நீங்க தூங்கறதுக்கும் என்னன்னா சம்பந்தம்?"

"குழந்தையோட படிப்புடி! அப்பா நிம்மதியாத் தூங்கறதைப் பாத்தா குழந்தை மனசு அமைதியாறதாம். மனசு அமைதியானா கணக்கு வரதாம். சீமையில பெரிய பெரிய டாக்டரெல்லாம் கண்டுபிடிச்சிருக்கா."

அகிலாண்டம் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "ஸ்கூல்லயே சொல்லிட்டா அப்புறம் என்ன, தூங்குங்கோ" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று பஞ்சு எதிர்பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கையோடு, அந்தச் சோற்றையே அவள் பரிமாறவும் செய்கிறாளே என்று பூரித்துப்போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுப்ப ஆளில்லை. வண்டி கடலில் மிதந்தது. மேடையை நெருங்கியது. பஞ்சு எழுந்தபோது மணி ஐந்து, தலைமாட்டில் காப்பி, வீடு முழுக்கக் கோயில்போல அமைதி. ஷ்யாமளாவைக்கூடக் காணவில்லை. "சத்தம் போடாம இருக்கணுமோன்னோ, அதான் வெளியில கூட்டிண்டு போயிட்டேன்" என்றாள் அகிலாண்டம். அவள் முகத்தில் என்றுமில்லாத ஒரு களை. நெற்றியில் வேர்வை வேறு. பஞ்சு காப்பியைத்தான் கவனித்தார்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த வெள்ளிக்கிழமை சர்க்குலரில், தகப்பனாருக்கு ஞாயிற்றுக்கிழமை பருப்புசிலி அவசியம் என்று வந்தது. அதற்கடுத்த வாரம் பாயசம் சேர்ந்துகொண்டது. "தேகபலம்டி. அபாய காலத்துல அப்பா தெம்பா இருந்தாத்தானே குழந்தையைத் தூக்கிண்டு ஓட முடியும்? போட்டிருக்கான் பார்" என்று ஏதோ ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். அந்த வரி பேன் மருந்தைப் பற்றியது.

நாலாவது வாரத்திலிருந்து அவர் சர்க்குலரை வாசிப்பதையே விட்டுவிட்டார். வாசித்தால்தானே இட்டுக்கட்ட முடியும் என்ற நிலைமை மாறி, காகிதத்தைக் கையில் பிடித்தாலே வாய் தானாக ஓடியது. கீழே இருந்த துண்டுச் சீட்டில் கையெழுத்து மட்டும் தவறாமல் போட்டார். அது ஆபீஸ் பழக்கம். அந்த ஆபீஸில் கீழே உள்ளவன் போட்டிருக்கிறானே என்று மேலே உள்ளவன் கையெழுத்துப் போடுவான். மேலே உள்ளவர் பார்த்துக்கொள்வாரே என்று கீழே உள்ளவன் போடுவான். புள்ளிக்கோட்டைக் கண்டால் பஞ்சுவின் பேனா தானாகச் சாயும்.

எதிர் வீட்டு நாணு ஒருவர்தான் கொஞ்சம் சந்தேகப்பட்டார்.

"ஏன்யா பஞ்சு, உங்காத்துல ஏதோ சர்க்குலர் பாயசமாமே? எங்க பையனும் அதே ஸ்கூல்தான். எங்காத்துச் சர்க்குலர்ல ஒண்ணையும் காணுமே?"

"உங்க பையன் எந்தக் க்ளாஸ்?"

"மூணாவது."

"அதான்! நாலாவதுலேருந்துதான் பாயசம்."

நாணு தலையைச் சொறிந்துகொண்டு போனார். அன்று சாயங்காலம் அவர் மனைவியும் அகிலாண்டமும் படிக்கட்டில் நின்று நெடுநேரம் சிரித்தார்கள். பொம்மனாட்டிகள் எதற்குத்தான் சிரிக்க மாட்டார்கள் என்று பஞ்சு நினைத்துக்கொண்டார்.

ஆறாவது வெள்ளிக்கிழமை வந்தது. பஞ்சு சர்க்குலரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இந்த வாரம் சேமியாப் பாயசம்" என்று வாசித்தார். அகிலாண்டம் பேனாவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"கீழே ஏதோ எழுதியிருக்கே, அதையும் வாசிங்கோளேன்."

"அது வழக்கமா எழுதறதுடி. வாசித்தேன், சம்மதிக்கிறேன். அவ்வளவுதான்."

"நன்னாப் பாத்துண்டுதானே போடறேள்?"

"பதினேழு வருஷமாக் கையெழுத்துப் போடறவன்டி நான்!" என்று வளைத்து நெளித்துப் போட்டார். அகிலாண்டம் சீட்டை அழகாகக் கிழித்து ஷ்யாமளாவின் புஸ்தகத்துக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாயசம் மூன்று முறை இலையில் விழுந்தது. போதும் போதும் என்று பஞ்சு கையால் மறைத்தும், விரல் இடுக்கு வழியாக அகிலாண்டம் விட்டாள். ஒன்றேகாலுக்கே கண் சொருகிவிட்டது. ஐந்து வாரமாகத் தடையில்லாமல் தூங்கியும் கனவில் அந்த இலை மட்டும் இன்னும் கைக்கு எட்டியிருக்கவில்லை.

அன்றைக்கு வந்த கனவைப்போல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. வண்டி வந்தது. மெத்தை தானே எழும்பி அவரை வாங்கிக்கொண்டது. முதலில் சற்றே சரிந்தது, ஏதோ படி இறங்குவதுபோல. பிறகு சமமாகி, அலைமேல் அலையாக ஆடி ஆடிப் போயிற்று. முகத்தில் வெயில் பட்டது, மரநிழல் பட்டது, மறுபடி வெயில். எங்கேயோ ஒரு மணி அடித்தது. காற்றில் டிஞ்சர் மருந்து வாசனைகூட வந்தது. கடல் என்றால் அப்படித்தான் மணக்கும்போல என்று பஞ்சு சமாதானம் செய்துகொண்டார். பளிங்கு மேடை அருகே வந்தது. வெள்ளித் தட்டு வந்தது. இலையை எடுக்கலாம் என்று கையை நீட்டினார். கை அசையவில்லை. பரவாயில்லை, இலையே தானாக மெல்ல மெல்ல விலகியது. ஆனந்தத்தில் அவருக்கு அழுகை வந்தது. இலைக்கு அடியில்...

அகிலாண்டத்தின் முகம் இருந்தது.

"கண்ணுமேல கட்டு இறங்கிடுத்து. இப்போ சரியாயிடுத்து பாருங்கோ" என்றாள் அவள், யாருக்கோ.

பஞ்சு விழித்துப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். சுற்றிலும் பதினைந்து இருபது மாமிகள். தலையில் கட்டு, இரண்டு கையிலும் மூங்கில் தப்பை வைத்துக் கட்டு, காலிலும் கட்டு. கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. 'பெயர்: பஞ்சாபகேசன். எலும்பு முறிவு: நான்கு. நினைவு: இல்லை' என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

தலைமாட்டில் நின்ற பள்ளிக்கூடத்துப் பியூன் பூலோகம் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அய்யா, அசையாம கெடங்க. ரெண்டு மாடி எறக்கித் தெரு முச்சூடும் தூக்கிட்டு வந்திருக்கோம். தொட்டில் பிள்ள கணக்கால்லா தூங்கிட்டு வந்தீய!"

ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்துவந்த நாணு எதிரே நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அகிலாண்டம்! என்னடி இது அநியாயம்?"

"கோவிச்சுக்காதீங்கோ மாமா" என்று முதலுதவி க்ளாஸ் நடத்தும் நாகலக்ஷ்மி டீச்சர் முன்னால் வந்தாள். "என்ன பண்ணினாலும் முழிச்சுக்காத பேஷண்ட் ஒருத்தர் வேணும்னு முந்தாநாள் சர்க்குலர்ல கேட்டிருந்தோம். மாட்டுங்கா பூரா நீங்க ஒருத்தர்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சேள். ரொம்பப் பெரிய மனசு. கேப்டன் மாமி அப்பவே சொன்னா, எங்காத்து மாமா மாட்டேன்னு சொல்ல மாட்டார்னு."

"யாரு கேப்டன் மாமி?"

டீச்சர் அகிலாண்டத்தைக் காட்டினாள். அவள் கையில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தாள். மற்ற மாமிகள் கத்தரிக்கோலும் பஞ்சுமாய் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஒரு ஞாயித்துக்கிழமை தவறினதில்லை" என்று டீச்சர் புகழ்ந்தாள். "வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சர்க்குலரைத் தமிழ்ல வாசிச்சுச் சொல்லுவேனே, அதுக்கும் முதல் ஆளா வந்துடுவா."

பஞ்சு மனசுக்குள் கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானமே வாசித்தாகிவிட்டதா? அப்படியானால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாம் வாசித்ததெல்லாம்?

"அப்போ... உனக்கு முதல் வாரத்திலேருந்தே தெரியுமா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"தெரியாமலா?" அகிலாண்டம் குனிந்து முழங்கால் கட்டை இறுக்கினாள். "ஸ்கூல் சர்க்குலரைவிட நீங்க வாசிச்ச சர்க்குலர்தான்னா நன்னா இருந்தது. அஞ்சு மணி வரைக்கும் உங்களை எழுப்பப்படாதுன்னு நீங்களே போட்டுக்கொடுத்துட்டேள். எனக்கும் அந்த மூணரை மணி நேரம் கிடைச்சுது. சந்தோஷமா இருந்தேன்னா."

அவள் கட்டிய கட்டு கச்சிதமாக இருந்தது. உண்மையிலேயே கால் முறிந்திருந்தால்கூட வலித்திருக்காது என்று பஞ்சுவுக்குத் தோன்றியது. ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை உடனே விழுங்கிவிட்டு, முறைப்பாகக் கேட்டார்:

"இன்னிக்கு ஒரு நாளோட சரிதானே?"

"யுத்தம் முடியற வரைக்கும், ஞாயித்துக்கிழமை தோறும்னு கையெழுத்துப் போட்டிருக்கேளே."

"ஐயோ, நான் அதை வாசிக்கவே இல்லையேடி!"

மூலையில் ஒரு மாமி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஸ்ட்ரெச்சரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. நாணு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். இன்னும் ஏதோ சொல்லப் பஞ்சு வாயைத் திறந்தார். அகிலாண்டம் அகலமான துணி ஒன்றை மோவாய்க்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் ஒரே இழுப்பாக இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"பேஷண்ட் பேசப்படாது" என்றாள். "சர்க்குலர்ல போட்டிருக்கு."