தேசபக்த முதலாளியும் லொரெட்டாவின் வேலையும்

தேசபக்த முதலாளி என்றோர் இனம் உண்டு. அமெரிக்காவில், எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏராளம். படைவீரரைக் கண்டால் உருகும். அந்தப் படைவீரர் தன்னிடமே சம்பளம் வாங்குபவர் என்றால் உறைந்துபோகும்.

நான் வேலை பார்க்கும் டிராக்டர் கடையின் முதலாளி வெண்டல் ஸ்ட்ரவுட் அந்த இனத்தின் அசல் உருப்படி. கூரையில் படுக்கை விரிப்பு அகலத்துக்குக் கொடி கட்டுவார், ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் டிராக்டர் மேலிருந்து மிட்டாய் வீசுவார், விமான நிலையத்தில் சீருடைக்காரர் யார் அகப்பட்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவார். விமானம் கிளம்பும்வரை கையை விடமாட்டார்.

எங்கள் உதிரிபாகக் கவுண்டரில் பதினோரு வருடமாக நின்றவள் லொரெட்டா குபிக். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் சேவை செய்யும் தேசியக் காவல் படையிலும் இருந்தாள். பத்து மாதம் குவைத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. வெண்டல் கேக் வெட்டினார். "நீதாம்மா எங்க பெருமை!" என்றார். கேக் தீர்ந்ததும் என்னை ஓரம்கட்டினார். "விதைப்பு நேரம் பார்த்தா கூப்பிடுவாங்க? பட்டாளத்துக்குக் கொஞ்சமாவது விவஸ்தை வேண்டாமா?"

அவள் திரும்பி வந்தபோது கவுண்டரில் வெண்டலின் தங்கை மகன் கிளின்ட் நின்றிருந்தான்.

"களைச்சுப்போயிருப்பே, கண்ணு" என்றார் வெண்டல். " பின்னாடி கொட்டகையில போல்ட்டு, நட்டெல்லாம் தரம் பிரிச்சு வையேன்."

"களைப்பெல்லாம் இல்லீங்க. பத்து மாசமா ஹெலிகாப்டருக்கு உதிரிபாகம் எடுத்துக் கொடுத்துட்டுத்தான் வர்றேன்."

"அதுக்கில்லேம்மா, மெதுவா பார்த்துக்கலாமேன்னு..."

மெதுவா என்றால் எப்போது? முதலாளிகளின் அகராதியில் அதற்குத் தேதி கிடையாது.

மதியம் கொட்டகைக்குப் போனேன். போல்ட் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. "மணல் புயல்ல மாட்டினப்போகூட அழலே. இதுக்குப் போய் அழறேன் பாரு" என்றாள்.

மறுநாள் சட்டம் அச்சடித்த இரண்டு தாள்களோடு முதலாளி அறைக்குள் நுழைந்தாள். வெண்டல் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். பட்டாளப் பணிக்குப் போனவருக்கு அவர் வேலையைத் திருப்பித் தரவேண்டும். அதுமட்டுமா? போகாமலே இருந்திருந்தால் எந்தப் படிக்கு ஏறியிருப்பாரோ, அந்தப் படியிலேயே நிறுத்தவேண்டும். அவள் இல்லாத நேரத்தில் உதிரிபாகப் பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். எங்கள் கடையில் பதவி உயர்வு மூப்புப்படிதான். அடுத்த மூப்பு லொரெட்டா.

"இது எந்த நாட்டுச் சட்டம்?" என்றார் வெண்டல்.

"நம்ம நாட்டுச் சட்டம்தாங்க."

லொரெட்டாதான் இனிப் பிரிவுத் தலைவி என்ற செய்தி கேட்டு முதலில் துள்ளியவன் கிளின்ட். "அப்பாடா! மாமா, எனக்கு பெல்ட்டுக்கும் ஹோஸுக்கும் வித்தியாசமே தெரியாது. விவசாயிங்ககிட்ட திட்டு வாங்காத நாளே இல்லே. நான் பழையபடி லாரியே ஓட்டறேன்!"

அடுத்த வாரம், நடுவில் பழக்கூழ் வைத்த கொலாச்சி பன் விருந்து. உள்ளூர்ப் பத்திரிகைக்காரரிடம் வெண்டல் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "சட்டம் சொல்றதுக்கு முன்னாடியே என் மனசு சொல்லிடுச்சு." பிரிவுத் தலைவி லொரெட்டா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் பக்கத்து மேசைக்காரர் நாளைக் காலை பட்டாளத்துக் கடிதத்தோடு வந்து நின்றால், "ரொம்பப் பெருமையா இருக்கு" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள், உங்கள் கண் ஏன் காலண்டர் பக்கம் போகிறது?