அருண்குமாரின் மைக்

பேப்பரில் வந்த படத்தில் கவியரசனின் முழங்கை மட்டும் இருந்தது.

மும்பையில் விருது வாங்கிய ரெகே இசைக்குழு ‘ரெட் சிக்னல்’. எட்டு வருடம் முன்பு ஸ்ரீராம்புரத்தில் அதைத் தொடங்கியதே பாஸ் கிட்டார் வாசிக்கும் கவியரசன்தான். படத்தில் விருதை அணைத்துக்கொண்டு நின்றது பாடகன் அருண்குமார். பக்கத்தில் கீபோர்டு லவினா, பாதி முகத்தோடு.

“இது யாரு கை?” என்றாள் மனைவி ஸ்வர்ணா.

“என்னுதுதான்.”

“அப்படியா? கை நல்லா விழுந்திருக்கு.”

அன்றைய ஒத்திகையில், சவுண்டு பார்க்கும் நாணுவைக் கவியரசன் தனியாக அழைத்தான்.

“நாணு, அருண் மைக்கைக் கொஞ்சம் குறைச்சிடு. அவன் கத்துறதுல என் பாஸ் கேக்கவே மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லாத.”

“ஸ்வல்ப தானேண்ணா? ஆயிடும்” என்றான் நாணு, பாதிக் கன்னடத்தில்.

அடுத்த கச்சேரியில் நாணு குறைத்தான். ‘காதோடு ரகசியம் சொல்வதுபோல் பாடுகிறார் அருண்குமார்’ என்று விமர்சனம் வந்தது. பின்னாலேயே இன்னொரு விருது, அருண்குமாருக்கு மட்டும்.

கவியரசன் மறுபடி நாணுவிடம் போனான்.

“இன்னும் குறை.”

இன்னும் குறைந்தது. ஜனம் மூச்சுக்கூட விடாமல் மேடையை ஒட்டி வந்து நின்று கேட்டது. கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. போஸ்டரில் அருண்குமார் ஆளுயரத்துக்கு நின்றான். கீழே, ‘பாஸ் கிட்டார்: கலியரசன்’.

“கலியாம்ல, கலி!” என்று நாணுவிடம் பல்லைக் கடித்தான். “ஒயிட்ஃபீல்டு ஷோல முழுசா ஆஃப் பண்ணிடு.”

நாணு தலையாட்டினான். “சரிண்ணா.”

ஒயிட்ஃபீல்டு மைதானத்தில் ஐயாயிரம் பேர். மேடையில் மூன்று பேர் காதிலும் இயர்போன், அவரவர் சத்தம் அவரவர்க்கு. கவியரசன் கண்ணை மூடி வாசித்தான். திறந்தபோது அருண்குமாரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஆகா!

முன்வரிசையில் ஒரு பெண் அந்த வாயசைவைப் பார்த்துப் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளோடு நூறு பேர். பிறகு மைதானமே பாடியது. இயர்போனைக் கழற்றிய அருண்குமார் அதைக் கேட்டு முழங்காலிட்டான், மைக்கை ஜனத்தின் பக்கம் நீட்டினான், அழுதான். நிகழ்ச்சி முடிவதற்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது.

மேடைக்குப் பின்னால் கவியரசன் நாணுவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“போதும்டா நாணு. எட்டு வருஷ சிநேகிதனுக்குப் போய் இப்படிப் பண்ணிட்டேன். ஆனா ஒண்ணு, குரலே இல்லாதப்ப பாட்டைத் தாங்கிப் பிடிச்சது என் பாஸ்தான். எனக்கு அது போதும்.”

நாணு ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: “அருண் அண்ணா உங்களையும் லவினா அக்காவையும் ஆஃப் பண்ணச் சொன்னாரு, லவினா அக்கா உங்க ரெண்டு பேரையும் ஆஃப் பண்ணச் சொன்னாங்க, அதனால இன்னிக்கு நான் ஸ்பீக்கரையே ஆன் பண்ணலண்ணா.”